ஒரு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளி வாயிலும்

சித்திரை பிறந்து முழுப்பரீட்சை முடிந்ததும் குத்தாலத்தைச் சூழ்ந்த நம் தெருக்களில் ஆண்டுதோறும் எழுவது ஒரே பேச்சுத்தான்: பிள்ளைகளை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது? சென்ற ஆண்டு இக்கேள்வியோடு ஒரு தந்தையார் நம் இல்லம் தேடி வந்தார். கொத்தனார் வேலை பார்ப்பவர். பிள்ளைகள் மூவர். மூத்தவள் ஏழாம் வகுப்பு முடித்தவள். அடுத்தவன் நான்காம் வகுப்பு முடித்தவன். கடைக்குட்டிக்கு வயது மூன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியின் விண்ணப்பத் தாள்கள் இரண்டு அவர் கையில் இருந்தன.

"மூணு பேருக்கும் கட்ட முடியாது சார். பையனையும் சின்னதையும் அங்கே போட்டுட்டு, பெரிய பொண்ணை இங்கேயே விட்டுடலாமா?" என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. மறுநாள் வரச் சொன்னோம். ஏனெனில், அவர் கேட்டது அவர் வீட்டுக் கேள்வி மட்டுமன்று. நம் சமுதாயத்தின் கல்வி வரலாறு முழுவதிலும் இக்கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கதவு திறந்த போதெல்லாம் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கே திறந்தது. நுழையும் அந்த ஒரு பிள்ளை யார் என்பதை வீடு தீர்மானித்தது.

குத்தாலத்திலிருந்து கிழக்கே ஒரு நாள் நடைத் தொலைவில் தரங்கம்பாடி. 1706-ல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார். இந்திய நாட்டில் பெண்களுக்கென எழுந்த மிகப் பழைய பள்ளிகளுள் அதுவும் ஒன்று. இவ்வளவு அருகில் இவ்வளவு முன்னதாக விளக்கு ஏற்றப்பட்டும், நம் சேரிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அதன் ஒளி வந்து சேர இருநூறு ஆண்டுகள் கடந்தன. அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் பள்ளி நடக்குமாயின், அவ்விடங்களை அணுகவே உரிமையற்ற பிள்ளை அங்கு எங்ஙனம் பயிலும்? திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியதாகச் சொல்கிறோம். பள்ளிக்கூடத் திண்ணை அவ்வளவு எளிதில் விலகவில்லை.

சென்னை மாகாண அரசு 1893-ல் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் இல்லை என்று நீதிக்கட்சி ஆட்சியில் 1923-ல் ஆணை வந்தது. தாள் அளவில் தனியார் பள்ளியின் கதவு நமக்குத் திறந்தது அப்போதுதான். ஆயினும் அடுத்த பல்லாண்டுகள் நமக்கு எழுத்தறிவித்தவை பெரும்பாலும் அப்பள்ளிகள் அல்ல. 1920-க்குப் பின் தொழிலாளர் துறை என்னும் லேபர் டிபார்ட்மெண்டு நம் குடியிருப்புகளுக்குள்ளேயே நடத்திய பள்ளிகளே அப்பணியைச் செய்தன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று இன்று வழங்குபவற்றின் வேர் அதுவே. கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். அங்கே சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று அப்பெயரில் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக அரசு மேனிலைப் பள்ளிகள் அவ்வூரில் நடைபெறுகின்றன.

பெண்மக்களும் மேலே வந்தனர், மறுக்கவில்லை. அன்னை மீனாம்பாள் சிவராஜ் 1944-ல் சென்னையில் அம்பேத்கர் கலந்துகொண்ட மாநாட்டில் மகளிர் மாநாட்டுத் தலைமை ஏற்றவர். அவர் 1904-ல் இரங்கூனிற் பிறந்து அங்கே கல்வி கற்றவர். வசதியும் பொதுவாழ்வும் படைத்த தந்தையாரின் மகள். பண்ணையில் கட்டுண்ட குடும்பத்துப் பெண்ணுக்கு அத்தகைய வாய்ப்பு ஏது?

பண்ணை என்றதும் இளைஞர்கள் சலிப்படைய வேண்டா. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். அதற்கு முன்னும், அதன் பின் நெடுங்காலமும், பண்ணையாள் வீட்டில் ஆண்பிள்ளை ஆடுமாடு மேய்த்தான். பெண்பிள்ளை கைக்குழந்தை பார்த்தாள். 1953-ல் வந்த அரைநாள் பள்ளித் திட்டம் மற்ற அரைநாளைப் பெற்றோர் தொழிலுக்கு விட்டது. நம் பிள்ளைகளுக்கு அத்தொழில் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. 1954-ல் காமராசர் அதனைக் கைவிட்டார். அவரது ஆட்சியிலேயே 1956-ல் மதிய உணவும், 1960-ல் சீருடையும் வந்தன. மாடு மேய்த்த பையன் உணவின் பொருட்டுப் பள்ளிக்கு வந்தான். குழந்தை பார்த்த பெண் வரவில்லை; அவள் இடுப்பிலிருந்த குழந்தையை யார் வாங்கிக்கொள்வது?

எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. எம் தமக்கையார் ஐந்தாம் வகுப்பு வரை வகுப்பில் முதல் மாணவி. வாய்பாடு பதினாறு வரை தடங்கலின்றிச் சொல்வார். அம்மா நடவுக்குப் போனால் எங்கள் இளையவனைப் பார்க்க ஆள் இல்லை. ஆறாம் வகுப்புப் பள்ளியோ மூன்று கல் தொலைவு. அவர் நின்றார், நாம் சென்றோம். பி.ஏ., பி.எட். என்று எம் பெயருக்குப் பின்னே எழுதும் ஒவ்வொரு முறையும் அதிற் பாதி அவருடையது என்றே எமக்குத் தோன்றும். பிற்காலத்தில், மணமாகிச் சென்ற ஊரில், கைநாட்டு வைப்பவர்களுக்கு இவர் கையெழுத்துக் கற்றுக்கொடுத்தார் என்று கேள்வியுற்றோம்.

1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பலரும் சோற்றுத் திட்டமாகவே பேசுவர். அது இரண்டு வயதுக் குழந்தையையும் மையத்துக்கு அழைத்தது. அதனால் அக்காளின் இடுப்பு காலியாயிற்று. நம் தெருப் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம் என்பது எம் கருத்து.

இருபாலரும் சேர்ந்து படிப்பதைப் பற்றி இரண்டொரு சொல். நம் தெருப் பள்ளிகள் என்றுமே இருபாலர் பள்ளிகள். கொள்கையினால் அன்று, இரண்டு கட்டடம் கட்டுவார் இல்லாமையால்! நாட்டுப்புறத்துப் பெண் கல்வி பற்றி ஆராய்ந்த பக்தவத்சலம் குழு 1963-ல் தொடக்க நிலையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலுவதையே ஆதரித்தது. தொல்லை ஆறாம் வகுப்பில்தான். பையனுக்கு ஒரு திசை, பெண்ணுக்கு வேறு திசை என்று பள்ளிகள் பிரியும் ஊரில், துணையின்றிச் செல்லும் பெண்ணின் படிப்பே முதலில் நிற்கும். தம்பியும் தமக்கையும் ஒரே வாயிலில் நுழைந்தால் ஒரே மிதிவண்டி போதும். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பதினோராம் வகுப்பு மாணவியர்க்கு அரசு மிதிவண்டி வழங்கத் தொடங்கியதும் இத்தொலைவை எண்ணியே.

இப்போது கொத்தனாரின் கையிலிருந்த தாள்களுக்கு வருவோம். 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையோர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நம்மனோர்க்கும் நலிந்தோர்க்கும் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2012-ல் இதனை உறுதி செய்தது. இது சலுகையன்று, உரிமை. தகுதியுடைய கடைக்குட்டிக்குக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டா. ஆனால் சட்டத்தின் வாயில் எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில்தான். நான்கு முடித்தவனுக்கும் ஏழு முடித்தவளுக்கும் அங்கு இடம் இல்லை. அவர்களுக்கு முழுக் கட்டணம். ஆக, சட்டமும் தன்னையறியாமல் ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறது. இவ்வுரிமையும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதில் கட்டணம் வந்து நிற்கும். அவ்வமயம் பெண்பிள்ளையாயின் "போதும்" என்ற சொல் வீட்டிலேயே பிறக்கும். வேன் கட்டணமோ முதல் நாளிலிருந்தே பெற்றோர் தலையில்.

மறுபுறம் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2022-ல் தொடங்கிய இத்திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அமைந்தது. மூவலூர் நமக்குப் பக்கத்து ஊர். மகனுக்கும் 2024 முதல் அவ்வாறே. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு 2020-லிருந்து உள்ளது. நடு வகுப்பில் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் போகிறவர் இவற்றை இழக்கிறார். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் வேறெப்படிச் சொல்வார் என்று நீங்கள் நகைப்பது எம் காதில் விழுகிறது. அரசுப் பள்ளியின் குறை எமக்குத் தெரியாததன்று. ஆங்கிலத்துக்கு ஆசிரியரின்றி நாமே இரண்டு ஆண்டு பாடம் நடத்தியதுண்டு.

தனியார் பள்ளிதான் வேண்டுமென்போர் முதலிற் பார்க்க வேண்டியது முகப்பிலுள்ள ஆங்கிலப் பலகையை அன்று. பெண்பிள்ளைகளின் கழிப்பறையைப் பாருங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் எத்தனை பெண்கள் எஞ்சியிருக்கின்றனர் என்று கேளுங்கள். ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் எல்லோருடனும் கலந்து அமர்கின்றனரா என்று நோக்குங்கள். வேன் நம் தெருவுக்குள் வருகிறதா, முச்சந்தியிலேயே நிற்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

மறுநாள் வந்த தந்தையாரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மூவர் பெயரையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுவாரியாகச் செலவோடு எழுதச் சொன்னோம். மூத்தவள் பெயருக்கு நேரே அவர் ஒன்றும் எழுதவில்லை. "அவளுக்கு என்ன செலவு சார்?" என்றார். பின் அந்த வெற்றிடத்தைத் தாமே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூனில் கடைக்குட்டியின் பெயரை மட்டும் ஒதுக்கீட்டிற்குப் பதிவு செய்தார். பையன் ஐந்தாம் வகுப்பை நம் தெருப் பள்ளியிலேயே தொடர்ந்தான். வேனுக்கென்று வைத்திருந்த பணத்தில் மூத்தவளுக்கு மாலைநேரக் கணக்கு வகுப்பு. பையனும் உடன் செல்கிறான். இருவரும் சேர்ந்து போவதை வாய்க்கால் மதகருகே அடிக்கடி காண்கிறோம். தம்பியின் பையையும் அவளே தூக்கி வருகிறாள். தந்தையாரிடம் அதையும் சொல்லி வைத்திருக்கிறோம்.