ஓலை காத்தவர்கள் தாள் காக்க வேண்டாமா?

திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி அவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1930இல் வெளிவந்தது. தொடர்ந்து கல்வெட்டு மூலங்களைத் தேவஸ்தானம் தொகுதிகளாக அச்சிட்டது. திருப்பதி வரலாற்றை எழுதுவோர் இன்றும் சான்று தேடிச் செல்வது அத்தொகுதிகளிடமே.

1939இல் தேவஸ்தானம் திருப்பதியில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதி. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1954இல் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் தோன்றியது. 1956இல் அந்நிறுவனம் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. அதே ஆண்டில் ஆந்திரப் பிரதேசமும் உருவாயிற்று. பதினேழு ஆண்டுகளில் ஒரு நிறுவனம் இரண்டு நிர்வாகங்களையும் மூன்று அரசுகளையும் கண்டுவிட்டது.

இத்தகைய நிறுவனத்தின் வரலாற்றை அதன் நூல்கள் மட்டும் சொல்லிவிடா. எந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது, எந்தப் பதிப்பு ஏன் தள்ளிவைக்கப்பட்டது என்பவற்றைக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் வரவுப் பதிவேடுகளுமே கூறும். நூலகம் நூலைப் பொருள்வாரியாக அடுக்குகிறது. ஆவணக் காப்பகமோ ஒரு கோப்பை அது உருவான அலுவலகத்தின் வரிசை கலையாமல் வைக்கிறது. வரிசை கலைந்தால் தாள் எஞ்சும். அதன் பொருள் எஞ்சாது.

மொழியியலாருக்கு இதில் தனி அக்கறை உண்டு. அச்சான கல்வெட்டு மூலம் ஒருவர் படித்து முடிவு செய்த வடிவம். ஐயத்திற்குரிய ஓர் எழுத்தை அவர் எவ்வாறு தீர்த்தார் என்பதை மைப்படியும் கையெழுத்துக் குறிப்பேடுமே காட்டும். கல் சிதைந்துவிட்டால் பிறகு அவையே மூலச் சான்று.

ஓலைச்சுவடியின் அருமையை நம் கல்வி நிறுவனங்கள் அறிந்துள்ளன. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான ஆய்விதழும் கருத்தரங்க மலரும் அமிலத்தால் பழுத்து, தொட்டால் உதிரும் நிலையை எட்டுகின்றன. பல நூறு ஆண்டு கடந்த ஓலை இருக்க, எழுபது ஆண்டுத் தாள் அதற்கு முன்பே மறையக்கூடும். மின்வடிவாக்கம் பயன்பாட்டை விரிவாக்கும். எனினும் மூலத்தைக் கழித்துவிட அது உரிமம் ஆகாது.

குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1997இல். அதன் தொடக்கக் காலத்தை நேரில் அறிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அத்தகைய இளைய நிறுவனங்களுக்குக் காப்பகப் பணி எளிது. காலம் தாழ்த்தினால் அந்த எளிமை இராது.

ஆய்வு மாணவர்களும் ஒன்று செய்யலாம். ஆய்வேட்டுடன் களக் குறிப்பேடுகளையும் ஒலிப்பதிவுகளையும் நாள், இடம் குறித்து, தகவலாளரின் இசைவோடு துறையில் ஒப்படைக்கலாம். அடுத்த தலைமுறை நம் முடிவுகளைச் சோதிக்க வேண்டுமெனில் அவை அதற்குக் கிடைத்தாக வேண்டும்.