சவ்வு மிட்டாயும் கேக் மேல் உட்கார்ந்த மயிலும்



போன வாரம் அக்கா பேத்தியின் பிறந்தநாள் படங்களைப் போட்டிருந்தேன். பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள்: "டீச்சர், கேக் மேல இருக்கிற மயில் பிளாஸ்டிக்கா?" இல்லை, முழுக்க முழுக்கச் சீனி. அதைச் செய்தவள் 2003-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். இப்போது வில்லாபுரத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். ஒரு மதியம் முழுக்க அவள் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததையும், அப்போது நினைவுக்கு வந்த ஒரு பழைய விஷயத்தையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசி பீரியட் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் செய்வதற்குப் பெயர் மார்ஷ்மெல்லோ ஃபாண்டன்ட். கேக்கின் மேல் போர்வை போலப் போர்த்துகிற சீனி மாவு. அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மார்ஷ்மெல்லோ எடுத்து, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு, கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குகிறாள். அதைப் போல இரண்டு பங்கு ஐசிங் சுகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறாள். பிறகு கையில் வனஸ்பதி தடவிக்கொண்டு, நம்மூர் பரோட்டா மாஸ்டர் மாதிரி மடித்து மடித்துப் பிசைகிறாள். கையைவிட்டு வராத கூழ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழவழப்பான மாவாகிவிடுகிறது. காற்றுப் படாமல் சுற்றி ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் சோளமாவு தூவி மெல்லிசாகத் தேய்த்துக் கேக் மேல் போடுகிறாள். மிச்ச மாவில் ரோஜா, யானை, மயில்.

நான் வரலாற்று டீச்சர் இல்லையா, கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டேன்.

மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர். ஐரோப்பாவில் சதுப்பு நிலங்களில் வளர்வது. அதன் வேரில் வெண்டைக்காய் போலக் கொழகொழப்பு உண்டு. இருமலுக்கும் தொண்டைப் புண்ணுக்கும் அதை மருந்தாகக் கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் அந்தச் சாற்றோடு சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து நுரைக்க அடித்துத் தின்பண்டமாக்கினார்கள். பின்னால் வேர்ச்சாறு போய் ஜெலட்டின் வந்தது. 1950-களில் அமெரிக்காவில் அலெக்ஸ் டூமாக் என்பவர் இயந்திரக் குழாய் வழியாகத் தள்ளித் துண்டு போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். செடி மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சீனியைப் பிசைந்து பொம்மை செய்வது அதைவிடப் பழையது. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே, நம் பாதாம் பிசின் போல நீரில் ஊறிப் பருக்கும் ஒரு பிசினைச் சீனியோடு பிசைந்து பழம், தட்டு, கிண்ணம் எல்லாம் செய்து பிரபுக்களின் விருந்தில் வைத்தார்கள். அந்தச் சீனிக்கான பெயரே நம் நாட்டிலிருந்து போனதுதான். சர்க்கரா என்பது பாரசீகம், அரபு வழியாகப் போய் ஆங்கிலத்தில் சுகர் ஆனது. கண்டம் என்பது கேண்டி ஆனது. நம் கற்கண்டும் அதே குடும்பம். கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். சென்னைக்காரர்கள் சர்க்கரை என்பதை மதுரையில் நாம் சீனி என்கிறோம். சீன நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள், "அதெல்லாம் சரி டீச்சர், முதல் மயிலுக்கு வெயில்ல கழுத்து தொங்கிருச்சு, அதுக்கு வழி சொல்லுங்க" என்றாள்.

காரணம் ஜெலட்டின். 35 டிகிரியை நெருங்கும்போதே அது இளகிவிடும். நம் சித்திரை வெயிலோ 40-ஐத் தொடுகிறது. அது மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பதால் சைவக்காரர்களுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் யோசனை வேறு. அதனால் அவள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்குகிறாள். "கடல்பாசி போடலாமே?" என்றேன். ஜிகர்தண்டாவில் நாம் சாப்பிடுகிறோமே, அதுதான். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் ஆவது பெரும்பாலும் நம் மதுரைப் பக்கத்து ஆலைகளில்தான். அது 85 டிகிரி வரை உருகாது. அவள் சிரித்தாள். "உருகாது டீச்சர், ஆனா இழுபடாது. வளைச்சா உடைஞ்சிரும்." கடைசியில் சிஎம்சி என்ற கெட்டிப்படுத்தும் பொடியைக் கலந்து மயிலை நிற்க வைத்தாள்.

கழுத்தை வளைக்கும்போது அவள் விரல்களைக் கவனித்தேன். கட்டைவிரலால் ஒரு கிள்ளு, ஒரு இழுப்பு, ஒரு திருகு. எங்கே கற்றாய் என்று கேட்டேன். வகுப்பு எதுவும் போகவில்லையாம். "நம்ம ஸ்கூல் கேட்டுல சவ்வு மிட்டாய்த் தாத்தா நிப்பாரே, அவர் கையப் பார்த்துத்தான்" என்றாள்.

உங்களுக்கும் நினைவிருக்கும். உயரமான மூங்கில் கழி, உச்சியில் கை தட்டும் பொம்மை, அதன் கீழே பாலிதீன் சுற்றிய ரோஸ், வெள்ளை மிட்டாய். காசு கொடுத்தால் வாட்ச், மோதிரம், தேள், மயில். கடைசியில் ஒரு துளியைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். சீனிப்பாகில் எலுமிச்சை பிழிந்து காய்ச்சி, ஆணியில் மாட்டி இழுத்து இழுத்து எடுப்பது அது. பாகு மீண்டும் சீனியாகப் பூக்காமல் எலுமிச்சைப் புளிப்பு பார்த்துக்கொள்கிறது. ஃபாண்டன்டில் அதே வேலையைக் குளுக்கோஸ் பாகு செய்கிறது. இழுக்க இழுக்க உள்ளே காற்றுப் புகுந்து பாகு வெளுக்கிறது. பாலிதீன் சுற்றுவதும் ஈரக் காற்றுப் படாமல் இருக்கத்தான். இவள் மாவைச் சுற்றி வைப்பதும் அதற்கே.

"ஒருநாள்லேர்ந்து அவர் வரவே இல்ல டீச்சர். ஏன்னு தெரியல" என்றாள்.

எனக்குத் தெரியும். அவரைப் போகச் சொன்னது நான்தான். ஈ மொய்க்கிறது, சாயம் உடம்புக்கு ஆகாது, பிள்ளைகள் மணி அடித்தும் உள்ளே வருவதில்லை என்று சொல்லி, இனி இந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலூர் ரோட்டில் நடந்தார். சாயத்தைப் பற்றிய பயம் வீண் இல்லை. ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் அரசே தடை செய்தது. ஆனால் சாயத்தை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருநாள் வகுப்புக்குள் கூப்பிட்டு, பாகு எப்படி வெளுக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. கைத்தொழில்களின் அழிவு என்று கரும்பலகையில் பாடம் எழுதிப்போட்டவளும் நான்தான்.

அன்று அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை அவளும் படிப்பாள். படிக்கட்டும்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவரையோ அவர் பிள்ளைகளையோ உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்