லென்ஸ் விளக்கின் முன்னோர்கள்

அப்பா விட்டுச்சென்ற டிரான்சிஸ்டர் ரேடியோவைச் சரிசெய்ய லென்ஸ் விளக்கு ஒன்று வாங்கினேன். பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று 8 டயாப்டர் எடுத்தேன். தவறு. லென்சுக்கும் பலகைக்கும் நடுவே 12 செ.மீ. கூட ஒழுங்காக இல்லை. சால்டரிங் அயர்ன் பட்டு லென்சில் வடு விழுந்துவிட்டது.

கரண்ட் இல்லாத காலத்தில் ஐரோப்பாவில் லேஸ் பின்னிய பெண்கள், மெழுகுவத்திக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்து வெளிச்சத்தை நூலின்மேல் குவித்தார்கள். ஒரே மெழுகுவத்தியைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து பின்னினார்கள்! உருண்டை நூலைப் பெரிதாக்கவில்லை. நல்ல வெளிச்சமே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

விளக்கைத் தாங்கும் கை பிறகு வந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த ஜார்ஜ் கார்வர்டைன் கார் சஸ்பென்ஷன் பொறியாளர். ஸ்பிரிங் பலத்தால், நிறுத்திய இடத்திலேயே நிற்கும் விளக்குக்கு 1932இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதைப் பார்த்து நார்வேயின் யாக் யாக்கப்சன் 1937இல் லக்ஸோ விளக்கைக் கொண்டுவந்தார். இன்றைய லென்ஸ் விளக்குகளிலும் அதே மாதிரிக் கைதான்.

இப்போது 3 டயாப்டருக்கு மாறிவிட்டேன். 100ஐ டயாப்டரால் வகுத்தால் குவியத்தூரம் 33 செ.மீ. (பள்ளிப் பாடம்தான், வாத்தியாருக்கே மறந்துபோச்சு!) பெருக்கம் இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் கை தாராளமாகப் போகிறது.

நேற்று அறுந்த ஏரியல் கம்பியைப் பற்றவைத்தேன். அப்பாவின் ரேடியோவில் இரைச்சல் கேட்கிறது. நிலையம் இன்னும் கிடைக்கவில்லை.