செயலி செய்து பிழைக்க முடியுமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையைத் திறந்தபோது அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள். வீட்டில் உட்கார்ந்து ஒருவர் செய்ததும் பெரிய நிறுவனம் செய்ததும் ஒரே அலமாரியில். நூறு ரூபாய்க்கு விற்றால் கடைக்கு முப்பது, செய்தவருக்கு எழுபது. 2021இல்தான் சிறியவர்களுக்கு அந்த முப்பது பதினைந்தாகக் குறைந்தது. அதற்குள் கடையில் லட்சக்கணக்கில் செயலிகள் குவிந்துவிட்டன. புதிதாகச் செய்பவரைத் தேடி யார் வருவார்?

வியட்நாமில் டாங் நுயென் என்ற இளைஞர் தனி ஆளாகச் செய்த 'ஃபிளாப்பி பேர்ட்' விளையாட்டு, 2014 தொடக்கத்தில் விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் ஈட்டியதாகச் செய்தி வந்தது. பிப்ரவரியிலேயே அவர் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். அது லாட்டரிச் சீட்டு. அதை வைத்துக் குடும்பக் கணக்குப் போடக்கூடாது.

நமக்குப் பாடமாக இருப்பவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். 1985இலேயே கணினியில் தமிழுக்காக 'முரசு' மென்பொருளைத் தொடங்கியவர். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளிவந்தது. பொத்தான் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதே அன்று அதிசயம். இன்று உங்களில் பலர் எனக்குத் தமிழில் எழுதுவது அந்தச் செயலியில்தான், ஒரு பைசா கொடுக்காமல்! அப்படியென்றால் அவர் எப்படி நிலைத்தார்? எழுத்துருவும் விசைப்பலகையும் செய்யும் திறமையைப் பெரிய நிறுவனங்களுக்கு உரிமமாகக் கொடுத்தார். ஆப்பிள் கணினியில் இருக்கும் 'இணைமதி' எழுத்துரு அவர் வடித்ததே. செயலி பெயரைக் கொடுத்தது, சோறு போட்டது அதன் பின்னால் இருந்த இருபது ஆண்டு உழைப்பு என்றே எனக்குப் படுகிறது.

கடைக்காரரின் பிடி எப்படிப்பட்டது என்பதைச் சென்னையில் பார்த்தோம். 2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் கூகுள் நீக்கிய செயலிகளில் பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்காவது குரல் கொடுக்க ஆள் இருந்தது.

இது நமக்குப் புதிய கதையா? இலையைப் பறித்துக் கொடுப்பவர் நாம், விலை சொல்பவர் வேறொருவர். குன்னூர் ஏல மையம் 1963இல் வந்தது. 1965இல் இன்கோசர்வ் கூட்டுறவு இணையம் அமைந்ததால் சிறு விவசாயி ஏதோ மூச்சு விட்டார். செயலிக்காரருக்கு அப்படி ஒரு கூட்டுறவு இன்னும் இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம்: தன் பொருளுக்கு விலையை அவரே வைக்கலாம்.

கோவையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கப்போகிறானாம். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்று தங்கை அழுகிறாள். தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் காசு கொடுக்கும் நூறு பேர் கிடைக்கும்வரை சம்பளத்தை விடாதே என்றேன். விளையாட்டு வேண்டாம், நம் தோட்டக்காரர்களின் இலை எடை, முன்பணம், பாக்கிக் கணக்குக்கு ஒன்று செய், அதற்கு ஆண்டுக் கட்டணம் கேள் என்றும் சொன்னேன். "மாமா, நம்ம ஊரில் யார் காசு கொடுப்பாங்க?" என்கிறான்.

பெங்களூரிலும் சென்னையிலும் இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் கீழே எழுதுங்கள். மாதம் எவ்வளவு கையில் நிற்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவனுக்குக் காட்ட வேண்டும்.