ஆறு எழுதிய பாடம்: கோலா குபு பாருவின் வரலாறு



சுற்றுச்சூழல் கல்வி என்றவுடன் நம் பள்ளிகளில் சுவரொட்டி வரைதலும் மரக்கன்று நடுதலும் நடைபெறுகின்றன. அவை நல்லவையே. ஆயினும், உலு சிலாங்கூர் வட்டாரத்து மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடம் அவர்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

'பாரு' என்றால் மலாயில் புதியது. புதிய ஊர் உண்டெனில் பழைய ஊர் எங்கே? அதுவே இன்றைய அம்பாங் பெச்சா. 'உடைந்த அணை' என்பது அப்பெயரின் பொருள். 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கனமழையின்போது அங்கிருந்த அணை உடைந்து ஊரை வெள்ளம் சூழ்ந்தது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். ஆற்றின் காவலாகிய வெள்ளை முதலையை அவர் சுட்டதே காரணம் என்று ஒரு கதையும் வழங்குகிறது. மாணவர்கள் இக்கதையை ஆவலுடன் கேட்பர். ஆனால், கதையோடு பாடம் முடிந்துவிடக் கூடாது.

அணை உடைந்தது ஒருநாள் நிகழ்ச்சி. அதன் பின்னர் நிகழ்ந்ததோ பல்லாண்டுக் காலச் சீரழிவு. ஈயம் தோண்டியவர்கள் மலைச்சரிவுகளை நீரால் கரைத்தனர். கரைந்த மண்ணும் மணலும் சிலாங்கூர் ஆற்றில் இறங்கின. ஆற்றுப்படுகை உயர உயர, ஊர் தாழ்ந்தது. சிறு மழைக்கும் கடைத்தெருவில் நீர் புகுந்தது. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னர், ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற நேர்ந்தது. 1930-களின் தொடக்கத்தில் மக்கள் புதிய ஊரில் குடியேறினர்.

அப்புதிய ஊரைத் திட்டமிட்டவர் நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட். 1921-இல் மலாயாவுக்கு வந்த அரசாங்க நகரமைப்பாளர் அவர். இங்கிலாந்தில் எபனீசர் ஹாவர்ட் 1898-இல் முன்வைத்த 'பூங்கா நகர்' கோட்பாட்டை அவர் இங்குக் கொணர்ந்தார். கடைத்தெருவும் குடியிருப்பும் தனித்தனியே அமைய, இடையே பசுமை வெளி விடப்பட்டது. இன்று நாம் 'நிலைத்த வாழ்வு' என்று பேசுவதை, ஓர் அழிவின் படிப்பினையாக அன்றே இவ்வூர் கற்றது.

இவ்வரலாற்றில் நம்மவருக்கும் இடமுண்டு. ரப்பர் தோட்டங்களின் தொடக்கக் காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இராதபடி மண்ணைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பது துரைமார்களின் கட்டளை. நம் பாட்டன் பாட்டிமார் கூலிக்குப் புல் வெட்டினர். வெறுமையான சரிவில் பெய்த மழை மேல்மண்ணை வாரிச் சென்றது. பின்னரே தோட்டங்களில் மண்ணைக் காக்கும் மூடுகொடிகள் பயிரிடப்பட்டன. இதை நேரில் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணம் சென்றுவிட்டன. அவர்களோடு இவ்வறிவும் மறைந்துவிடுமோ என்பதே எனது கவலை.

இதே ஆறு கீழே கோலா சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. அங்கு மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987-இல் சதுப்புநிலக் காடு இயற்கைப் பூங்காவாயிற்று. அருகே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்கின்றன. அவற்றின் புழுக்கள் கரையோர ஈரமண்ணில் நத்தைகளை உண்டு வளர்பவை. கரையை வெட்டினாலும் மண்ணைக் கெடுத்தாலும் விளக்கு அணைந்துவிடும். மேலே, 2000-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சிலாங்கூர் ஆற்று அணை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு நீர் வழங்குகிறது. மலையிலிருந்து கடல்வரை ஒரே பாடம்தான்.

ஆசிரியர்கள் மூன்று பணிகளைச் செய்யலாம். மழைக்கு முன்னும் பின்னும் ஆற்றுநீரைப் பெரியவர் துணையுடன் இரு கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து, ஓரிரவு அசையாது வைத்து, அடியில் தங்கும் மண்ணை அளக்கச் செய்யுங்கள். அம்பாங் பெச்சாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் அந்நாளைய மண், ஓடை, கிணறு பற்றிக் கேட்டு எழுதச் செய்யுங்கள்.

பெற்றோர்களே, மூன்றாவது பணிக்கு உங்கள் வீடே வகுப்பறை. கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.