படிமுறை அரசியலின் ஆற்றலும் எல்லையும்: அலெக்ஸ் சால்மண்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைவராக இருமுறை (1990–2000, 2004–2014) பொறுப்பு வகித்த அலெக்ஸ் சால்மண்டைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் அவருடைய நாவன்மையையும் துணிச்சலையுமே முன்னிறுத்துகின்றன. 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த விடுதலைக்கான பொது வாக்கெடுப்பும் அந்தத் துணிச்சலின் விளைவாகவே பேசப்படுகிறது. இக்கட்டுரை அதிலிருந்து வேறுபடுகிறது. எதிர்ப்பு இயக்கமாக இருந்த கட்சியை ஆளத்தக்க கட்சியாக மாற்றியதே அவருடைய தலையாய சாதனை. வாக்கெடுப்பைச் சாத்தியமாக்கியது அந்த மாற்றம்தான். விடுதலைக் கோரிக்கைக்கு வரம்பு கட்டியதும் அதுவே.

கலகத்திலிருந்து படிமுறைக்கு

1954இல் லின்லித்கோவில் பிறந்த சால்மண்ட், ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் பொருளியலாளராகப் பணியாற்றியவர். அரசியலின் தொடக்கத்தில் அவர் இடதுசாரிக் கலகக்காரர். 1979 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் அமைப்பதை வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தும், மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும் என்ற விதியால் அது கைகூடவில்லை. அந்த ஏமாற்றத்தில் கட்சிக்குள் பிறந்த '79 குழு'வில் இயங்கியதால் 1982இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டு, 1987இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1988இல் நிதிநிலை உரையின் நடுவே குறுக்கிட்டு அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்.

இத்தகையவர் தலைவரானபின் நிதானத்தைத் தேர்ந்தது கவனத்துக்குரியது. ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் தரும் அதிகாரப் பகிர்வு விடுதலை வேட்கையைத் தணித்துவிடும் என்று கட்சியில் ஒரு சாரார் அஞ்சினர். அதற்கான அரசமைப்பு மாநாட்டையும் கட்சி 1989இல் புறக்கணித்திருந்தது. சால்மண்டோ அதை முதற்படியாகக் கண்டார். 1997 வாக்கெடுப்பில் தொழிற்கட்சியோடும் தாராளவாத ஜனநாயகக் கட்சியோடும் இணைந்து ஆதரவு திரட்டினார்; 74.3 விழுக்காட்டினர் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை ஆதரித்தனர்.

சிறுபான்மை அரசு தந்த நம்பகம்

2007 தேர்தலில் மொத்தம் 129 இடங்களில் தேசியக் கட்சி 47, தொழிற்கட்சி 46 இடங்களைப் பெற்றன. கூட்டணி அமையாத நிலையில் சால்மண்ட் சிறுபான்மை அரசை நடத்தினார். ஒவ்வொரு மசோதாவுக்கும் பிற கட்சிகளிடம் ஆதரவு தேட வேண்டியிருந்தது. 2009 ஜனவரியில் வாக்குகள் 64–64 எனச் சமமாகப் பிரிய, அவைத்தலைவரின் வாக்கால் நிதிநிலை அறிக்கையே தோற்றது. சில நாட்களில் பேச்சு நடத்தி அதை நிறைவேற்றினார்கள். இந்த ஆட்சியில் ஃபோர்த், டே பாலங்களின் சுங்கம் நீங்கியது. பட்டதாரிகள் செலுத்திய கட்டணம் ஒழிந்தது. 2011இல் மருந்துச் சீட்டுக் கட்டணமும் மறைந்தது. விடுதலையில் நாட்டமில்லாத குடும்பத்துக்கும் இவை பயன் தந்தன.

2011இல் கட்சி 69 இடங்களை வென்றது. தனிக்கட்சிப் பெரும்பான்மை எளிதில் கிட்டாத தேர்தல் முறையில் இது வியப்புக்குரிய வெற்றி. பழமைவாதக் கட்சியோடு லண்டனில் கூட்டணி சேர்ந்த தாராளவாதிகளின் சரிவே இதற்குக் காரணம் என்பர் சிலர். அச்சரிவு வாக்குகளை இடம்பெயரச் செய்தது உண்மை. அவை ஏன் தேசியக் கட்சியிடம் சேர்ந்தன என்பதை அது விளக்காது. ஓராண்டு முன்னர், 2010 பொதுத் தேர்தலில், ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் தொழிற்கட்சி 41ஐயும் தேசியக் கட்சி வெறும் 6ஐயும் பெற்றிருந்தன. லண்டனுக்கு ஒரு கட்சியையும் எடின்பரோவுக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்த வாக்காளர், ஆட்சித் திறனை எடைபோட்டே தீர்ப்பளித்தனர் எனக் கொள்வதே பொருந்தும்.

தொடர்ச்சி என்ற வாக்குறுதி

அந்தப் பெரும்பான்மையின் பலத்தில் 2012 அக்டோபர் 15 அன்று விடுதலை வாக்கெடுப்புக்கு வழிவிட்ட எடின்பரோ ஒப்பந்தம் பிரதமர் டேவிட் கேமரனுடன் கையெழுத்தானது. அந்த வாக்கெடுப்பில் 16 வயது நிறைந்தோரும் வாக்களித்தனர். ஆயினும் ஆட்சியால் ஈட்டிய நம்பிக்கைக்கு ஒரு விலை இருந்தது. அச்சமின்றி ஆதரித்த வாக்காளரை இழக்காதிருக்க, விடுதலைக்குப் பின்னும் அரசி இருப்பார், பவுண்டு இருக்கும், நேட்டோ உறுப்புரிமை தொடரும் என்று சொல்ல நேர்ந்தது. 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பவுண்டைப் பகிர மறுத்தபோது இந்த வாதத்தின் அடித்தளம் ஆடியது. மாற்று நாணயத்தை அறிவித்தால் தொடர்ச்சி என்ற வாக்குறுதி முறியும். அறிவிக்காவிட்டால் ஐயம் வளரும். சால்மண்ட் பகிர்வையே வலியுறுத்தினார். 84.6 விழுக்காட்டினர் வாக்களித்ததில் 55.3 விழுக்காட்டினர் விடுதலையை மறுத்தனர், 44.7 விழுக்காட்டினர் ஏற்றனர்.

முடிவுரை

தோல்விக்குப் பின் சால்மண்ட் பதவி விலகினார். 2015 பொதுத் தேர்தலில் கட்சி ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56ஐ வென்றது. பிற்காலத்தில் பாலியல் குற்றச்சாட்டுகளில் வழக்கை எதிர்கொண்டு 2020இல் விடுவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் தலைமையேற்ற ஆல்பா கட்சி ஸ்காட்லாந்துத் தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. 2024 அக்டோபரில் வடக்கு மாசிடோனியாவில் காலமானார்.

அவருடைய வழிமுறையின் எல்லையை 2022இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: லண்டனின் இசைவின்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் விடுதலை வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது. ஆகவே 2012இல் கிடைத்தது உரிமையன்று, அரசியல் வலிமையால் பெற்ற இசைவு. படிமுறை அரசியல் ஒரு சிறு கட்சியை ஆட்சிக்கும், அரிதான ஒரு கோரிக்கையை ஏறத்தாழப் பாதி மக்களின் ஆதரவுக்கும் கொண்டுசேர்த்தது. அதன் இறுதிப் படி மட்டும் பிறர் கையில் இருந்தது. இனி வரும் தலைவர்கள் சால்மண்டிடம் கற்க வேண்டியது அவருடைய மேடைத் திறனைவிட இந்த உண்மையைத்தான்: நல்லாட்சி இசைவைப் பெற்றுத் தரலாம், இசைவு மறுக்கப்படும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அவருடைய அரசியலில் விடை இல்லை.