உரையாடல் பயிற்றலில் நாடகம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

மொழி கற்பித்தலில் படித்தலும் எழுதுதலும் பெற்ற இடத்தை உரையாடல் பெறவில்லை. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபடும் தமிழில் இக்குறை மிகுதி. இதனை நாடகம் எவ்வாறு நீக்கவல்லது என்பதைச் சித்தூர், திருப்பதி வட்டார வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

வடஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்துடன் இணைந்தது. எஞ்சிய பகுதித் தமிழரின் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு பயின்றனர். இவர்களுக்குப் பேச்சுத்தமிழ் இயல்பு. செந்நடையில் உரையாடுதல் அரிது. தமிழைப் புதிதாகக் கற்கும் தெலுங்கு மாணவர்க்கோ நூல்நடை கைவந்தபின்னும் கடைத்தெருப் பேச்சு எளிதில் விளங்குவதில்லை.

இவ்விரு நடைகளையும் ஒருங்கே வழங்குவது தெருக்கூத்து. இவ்வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் பகலில் கதைசொல்லலும் இரவில் கூத்தும் நிகழ்வது மரபு. கூத்தில் மன்னன் பாட்டாலும் உயர்நடை வசனத்தாலும் பேசுவான். கட்டியக்காரன் வழக்குமொழியில் வினவியும் நகையாடியும் இடைமறிப்பான். அவனது பேச்சில் பெரும்பகுதி அவ்வப்போது புனைந்து கூறப்படுவது.

கற்றோர் நாடக வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அது செய்யுளால் ஆகிய, படித்தற்குரிய நாடகம். அதே ஆண்டில் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவினர் சென்னையில் நடித்த தெலுங்கு நாடகங்களால் தூண்டப்பெற்ற பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, நடித்தற்குரிய உரைநடை நாடகங்களைத் தந்தார். வகுப்பறை முன்னதையே பெரிதும் போற்றிற்று. தமிழ்ப் பேச்சு மேடைக்குத் தெலுங்கு நாடகம் தூண்டுகோலாயிற்று என்பது இருமொழி வட்டார ஆசிரியர் நினைவிற்கொள்ளத்தக்கது.

எனினும் நடிப்பு மட்டுமே உரையாடற் பயிற்சி ஆகிவிடாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பயிற்றிய பாலர் குழுக்களில் சிறுவர்கள் வசனங்களை மனப்பாடம் செய்தே திருத்தமான உச்சரிப்பைப் பெற்றனர். ஒப்பித்தல் நாவைப் பழக்கும். எதிர்பாராத வினாவிற்கு விடைகூறும் ஆற்றலைத் தாராது. அவ்வாற்றலுக்குக் கட்டியக்காரனே முன்மாதிரி.

ஆதலின் வகுப்பில் மன்னன், கட்டியக்காரன் காட்சியொன்றை மாணவர் முதலில் கேட்டு நடித்தல் வேண்டும். அடுத்துப் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். இறுதியில் ஏட்டை மூடிவைத்துக் கட்டியக்காரன் புதுவினா எழுப்ப, மன்னன் தன் சொல்லால் விடையிறுத்தல் வேண்டும். தமிழ் மாணவர் மன்னனாகவும் தெலுங்கு மாணவர் கட்டியக்காரனாகவும் தொடங்கின், இருவரும் தமக்கு அரிதான நடையையே முதலிற் பழகுவர். ஏடு மூடிய அந்நிலையிலேயே உரையாடல் தொடங்குகின்றது எனலாம்.